மாங்காய் திருடியவன் எங்கே? ஆதி பௌத்தப் பிரிவுகளின் ஒரு பழைய வழக்கு

ஒருவன் இன்னொருவனுடைய தோட்டத்தில் மாங்காய் திருடிவிட்டான். பிடித்து அரசனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் சொல்கிறான்: இந்த ஆள் நட்டது ஒரு மாங்கொட்டை. அது எப்போதோ மண்ணுக்குள் உக்கிப் போய்விட்டது. நான் பறித்தது மரத்தில் காய்த்த வேறு காய். இவர் நட்டதை நான் தொடவே இல்லை. அப்ப எனக்கு எதற்குத் தண்டனை?

நல்ல லோயராக வந்திருப்பான். ஆனால் எந்த அரசனும் இதை ஏற்க மாட்டான். நட்ட கொட்டை இல்லாமல் இந்தக் காய் வந்திருக்காது, ஆகவே நீ குற்றவாளிதான் என்பான்.

இந்தக் கதை 'மிலிந்த பஞ்ஹா' என்ற பாளி நூலில் வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பக்கத்தை ஆண்ட மெனாண்டர் என்ற கிரேக்க அரசனைத்தான் அந்த நூல் மிலிந்தன் என்கிறது. அவன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்கிறான்: மறுபிறவி எடுப்பது எது? இந்தப் பிறவியில் இருந்தவனேதான் அடுத்த பிறவியிலும் இருக்கிறானா? இல்லை என்கிறார் நாகசேனர். உடனே அரசன், அப்படியென்றால் பாவம் செய்தவன் தப்பிவிடுவானே என்று மடக்குகிறான். அதற்குப் பதிலாகத்தான் மாங்காய்க் கதை வருகிறது. கொட்டையும் காயும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது. செய்தவனும் அனுபவிப்பவனும் அப்படித்தான்.

முதல் தரம் வாசிக்கும்போது எனக்கு இது திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. கதையில் மாங்காய் மாறுகிறது, திருடன் மாறவில்லை. தோட்டத்தில் பறித்தவனும் அரசன் முன்னால் நிற்பவனும் ஒரே ஆள் என்று நாகசேனரே எடுத்துக்கொள்கிறார். அந்தத் திருடனும் கொட்டையைப் போலத்தான், பறித்தவன் போய்விட்டான், இங்கே நிற்பவன் அவனிலிருந்து வந்த வேறொருவன் என்று சொல்லியிருந்தால் வழக்கு என்ன ஆகும்? யார் செய்தது, யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, இந்த இடத்தைவிட்டு எனக்கு நகர முடியவில்லை. தேடிப் போனபோது விளங்கியது, ஆதி பௌத்தப் பிரிவுகள் பல நூறு வருஷமாக அடிபட்டதும் இந்த இடத்தில்தான்.

புத்தர் 'நான்' என்று நிலையாக ஒன்று இல்லை என்றார். இருப்பது ஐந்து தொகுதிகள். மணிமேகலை இதை ஐங்கந்தம் என்கிறது: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவை ஒவ்வொன்றும் தோன்றி அழிந்துகொண்டே இருக்கின்றன. அதே புத்தர்தான் வினையும் உண்டு, அதன் பயனும் உண்டு, மறுபிறவியும் உண்டு என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கும். மணிமேகலையிலேயே பாருங்கள். மணிபல்லவத்துப் பீடிகைக்கு முன்னால் அவள் தன் முற்பிறப்பை அறிகிறாள். அப்போது அவள் இலக்குமி, கணவன் பெயர் இராகுலன். அவன்தான் உதயகுமரனாகப் பிறந்து அவளைத் தேடித் திரிகிறான். காஞ்சனனின் வாளுக்கு உதயகுமரன் பலியானதும் கந்திற்பாவை காரணம் சொல்கிறது: முற்பிறப்பில் இராகுலன் ஒரு சமையற்காரனை வாளால் வெட்டியவன். சரி, வெட்டியது இராகுலன். செத்தது உதயகுமரன். இரண்டு பேருக்கும் நடுவில் நிலையான ஆன்மா எதுவும் போகவில்லை என்றால், இந்தக் கணக்கை இவன் ஏன் தீர்க்க வேண்டும்?

சைவனிடம் கேட்டால் ஆன்மா என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். பௌத்தருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஆகவே அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைகளின் பெயர்கள்தான் பிரிவுகள்.

பிரிவுகள் தொடங்கிய கதையை நீட்ட விரும்பவில்லை, ஏனென்றால் அது முதலில் தத்துவச் சண்டையே இல்லை. புத்தர் மறைந்து ஏறத்தாழ 100 வருஷத்துக்குப் பிறகு வைசாலியில் பிக்குகள் கூடினார்கள். பிரச்சினை பத்து விஷயங்கள்: கொம்புக்குள் உப்பைச் சேமித்து வைக்கலாமா, நிழல் இரண்டு விரலளவு சாய்ந்த பிறகும் மதியச் சாப்பாடு சாப்பிடலாமா, பொன்னும் வெள்ளியும் வாங்கலாமா என்ற மாதிரி. அதை ஒட்டியோ கொஞ்சம் பிந்தியோ சங்கம் ஸ்தவிரர், மகாசாங்கிகர் என்று இரண்டாகியது. ஏன் என்று கேட்டால் இரண்டு கதை கிடைக்கும். இலங்கையின் தீபவம்சம், தோற்ற பிக்குகள் கோபித்துக்கொண்டு பத்தாயிரம் பேராகச் சேர்ந்து தனிக் கூட்டம் நடத்தினார்கள், சூத்திரங்களையும் குழப்பினார்கள் என்கிறது. மகாசாங்கிகர் பக்கத்து நூலோ, மற்றவர்கள்தான் புதிதாக விதிகளைக் கூட்டப் பார்த்தார்கள், நாங்கள் பழையதைக் காப்பாற்றினோம் என்கிறது. இரண்டு பக்கமும் 'நாங்கள்தான் பழைய ஆட்கள்' என்கிறது. பிரிந்த எந்தக் கட்சியிடம் கேட்டாலும் இதே பதில்தானே.

அதற்குப் பிறகு பிரிவுகள் கிளைவிட்டுக்கொண்டே போயின. மரபு 18 என்று எண்ணும். பெயர்களை எண்ணிப் பார்த்தால் கூடவே வரும். இவற்றை இன்றைய மதப் பிரிவுகள் மாதிரி நினைக்கக் கூடாது. வேறு வேறு கருத்துள்ள பிக்குகள் ஒரே விகாரையில் ஒன்றாக இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பிக்கு ஒருவர் எந்த விநய மரபில் துறவு பூண்டார் என்பது ஒரு கேள்வி, அவர் எதை உண்மை என்று நம்பினார் என்பது இன்னொரு கேள்வி.

இப்ப வழக்குக்கு வருவம்.

பிரிவுகளில் ஒன்று வாத்சீபுத்திரீயர். அவர்களிலிருந்து கிளைத்து, பிறகு அவர்களைவிடப் பெரிதாக வளர்ந்தவர்கள் சம்மிதீயர். இவர்கள் துணிந்து ஒன்று சொன்னார்கள்: ஆன்மா இல்லை, சரி. ஆனால் ஆள் இருக்கிறான். அவர்கள் பாவித்த சொல் 'புத்கலம்', பாளியில் புக்கலம். இதனால் எதிராளிகள் இவர்களைப் புத்கலவாதிகள் என்றார்கள். அந்த ஆள் ஐங்கந்தங்களும் அல்ல, ஐங்கந்தங்களுக்கு வெளியே தனியாக இருப்பவனும் அல்ல. அது எப்படி என்று கேட்டால் நெருப்பைக் காட்டுவார்கள். விறகு இல்லாமல் நெருப்பு இல்லை. அதற்காக விறகுதான் நெருப்பு என்று யாராவது சொல்வார்களா? அப்படியென்றால் விறகே நெருப்பை எரிப்பதாகிவிடும். நெருப்பு விறகிலிருந்து முற்றிலும் வேறு என்றால் விறகில்லாமலே எரிய வேண்டும். ஆளும் கந்தங்களும் அப்படித்தான். அறியத்தக்கவற்றை அவர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள்: இறந்தகாலத்தது, நிகழ்காலத்தது, எதிர்காலத்தது, ஆக்கப்படாதது, ஐந்தாவதாகச் சொல்லால் 'இது' என்று வரையறுக்க முடியாதது. ஆள் இருப்பது அந்த ஐந்தாவது பெட்டியில்.

கேட்டவுடன் நழுவல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவர்களிடம் கையில் ஒரு சூத்திரம் இருந்தது. சுமை பற்றி புத்தர் சொன்ன சிறிய உபதேசம் அது. சுமை என்பது ஐங்கந்தங்கள். அதைச் சுமப்பது யார் என்ற இடத்தில் புத்தர், இன்ன பெயரும் இன்ன குலமும் கொண்ட இந்த ஆள் என்கிறார். சுமையும் சுமப்பவனும் ஒன்று என்றால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பாரா என்று புத்கலவாதிகள் கேட்டார்கள். அந்தச் சூத்திரம் எதிராளிகளின் திரிபிடகத்திலும் இருக்கிறது, இன்றைக்கும் பாளியில் சம்யுத்த நிகாயத்தில் எடுத்து வாசிக்கலாம். மறுக்க முடியாது, விளக்கத்தான் முடியும். அவர்கள் விளக்கினார்கள்: புத்தர் அங்கே உலக வழக்கில் பேசுகிறார். ஊரில் 'வண்டி' என்கிறோம், கழற்றிப் பார்த்தால் சில்லும் அச்சும்தான். 'ஆள்' என்பதும் அப்படிப் பேச்சுக்கு ஒரு சொல். இப்படித்தான் வழக்கு உண்மை, இறுதி உண்மை என்று இரண்டு அடுக்கு வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான பதில். என்றாலும் ஒரு சின்ன அந்தரம் எனக்கு மிச்சமிருக்கிறது. தண்டனை வழக்கு அடுக்கில் நடக்கிற விஷயம், ஆனால் வினை மட்டும் இறுதி அடுக்கில் ஓடுகிறதா?

எதிராளிகளில் முதலாவது வரிசை, பின்னால் தேரவாதம் என்று அறியப்பட்டவர்கள். அவர்களுடைய அபிதம்மத்தின் ஏழு நூல்களில் ஒன்று கதாவத்து. அசோகன் காலத்தில் பாடலிபுத்திரத்தில் கூடிய மூன்றாவது சங்கத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் சொன்னது என்பது மரபு. 200க்கு மேற்பட்ட விவாதங்கள் அதில் உண்டு. அவற்றில் முதலாவதும் மிக நீளமானதும் எது தெரியுமா? ஆள் உண்டா இல்லையா என்பதுதான். உருவம், நுகர்ச்சி எல்லாம் உண்மையாக அறியப்படுவது போல ஆளும் அறியப்படுகிறானா? ஓம் என்றால் ஒரு பொறி, இல்லை என்றால் இன்னொரு பொறி. நூல் நேர்மையாக ஒன்று செய்கிறது: அதே பொறியை எதிராளி திருப்பி வைக்கவும் இடம் கொடுக்கிறது. ஆனால் எதிராளியின் பெயரை ஓரிடத்திலும் சொல்லாது. இது இன்ன பிரிவின் கருத்து என்று பெயர் போடுவது பல நூற்றாண்டு கழித்து, புத்தகோசர் பெயரில் வழங்கும் உரைதான்.

இரண்டாவது வரிசை காஷ்மீர், காந்தாரப் பக்கத்து சர்வாஸ்திவாதிகள். 'எல்லாம் இருக்கிறது' என்பது பெயரின் பொருள். வாத்சீபுத்திரீயரின் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நாகசேனரின் பதிலும் போதவில்லை. அவர்கள் கேட்டது: ஒரு வினை செய்து முடிந்து அழிந்துபோனது என்றால், இல்லாத ஒன்று பத்து வருஷம் கழித்து எப்படிப் பயன் தரும்? ஆகவே அது இல்லாமல் போகவில்லை. நேற்றைய பொருள் நேற்று என்ற நிலையில் இருந்துகொண்டே இருக்கிறது, நாளையது நாளை என்ற நிலையில் இருக்கிறது. செயற்படுவது மட்டும்தான் நிகழ்காலத்தில். பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் நினைவைப் பற்றி யோசித்துப் பாருங்கள். இல்லாத ஒன்றை எப்படி நினைக்கிறோம்?

மாறாத ஒன்று எப்படி மூன்று காலத்திலும் வேறுபடுகிறது என்பதற்கு அவர்களுக்குள்ளேயே நான்கு ஆசிரியர்கள் நான்கு பதில் வைத்திருந்தார்கள். தர்மத்ராதர், பொற்பாத்திரத்தை உருக்கி வேறு பாத்திரம் செய்தாலும் பொன் பொன்தான் என்றார். கோஷகர், ஒரு பெண்ணில் ஆசை வைத்தவனுக்கு மற்றப் பெண்களில் ஆசை அற்றுப்போய்விடுவதில்லை என்றார் (உதாரணத்தை அவர் தேர்ந்த விதத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை). புத்ததேவர், ஒரே பெண் ஒருத்திக்கு மகள், இன்னொருத்திக்குத் தாய் என்றார். ஜெயித்தது வசுமித்திரர். சின்ன வகுப்பில் படித்த எண்சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மணி, ஒன்றின் இடத்தில் இருந்தால் ஒன்று, நூறின் இடத்தில் இருந்தால் நூறு. மணி மாறவில்லை, இடம்தான் மாறியது. காலமும் அப்படி ஓர் இடம்தான்.

இந்த சர்வாஸ்திவாதிகளிடமும் ஒரு வாத நூல் உண்டு, தேவசர்மன் எழுதிய விஞ்ஞானகாயம். அதன் முதல் அத்தியாயம், இறந்தகாலமும் எதிர்காலமும் இல்லை என்று சொல்லும் 'மொக்கல்லான்' ஒருவரை மறுக்கிறது. இந்த மொக்கல்லான் கதாவத்தின் மொக்கலிபுத்த திஸ்ஸராகவே இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அங்கே கதாவத்து 'எல்லாம் இருக்கிறது' என்பவர்களை அடிக்கிறது, இங்கே விஞ்ஞானகாயம் திருப்பி அடிக்கிறது. இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனால் புத்கலவாதிக்கு அடி விழுகிறது. கதாவத்தும் விஞ்ஞானகாயமும் ஒன்றுபடுகிற இடம் அது ஒன்றுதான்: 'ஆள்' என்பவனைச் சேர்ந்து அடிப்பது.

பிறகு சர்வாஸ்திவாதிகளுக்குள்ளிருந்தே சௌத்திராந்திகர் எழும்பினார்கள். இறந்தகாலம் இருக்கிறது என்பது சூத்திரத்தில் இல்லாத கதை என்பது அவர்கள் கட்சி. வினை ஒரு விதையை விட்டுப் போகிறது, அந்த விதை ஓடுகிற மனத்தொடரில் மாறி மாறிப் பழுக்கிறது என்றார்கள். 4ஆம் அல்லது 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வசுபந்து அபிதர்மகோசத்தில் ஓர் அழகான உதாரணம் தருகிறார். எலுமிச்சை இனத்து மரம் ஒன்றின் பூவுக்கு அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். பூ வாடி விழுந்துவிடுகிறது. ஆனால் பிறகு வரும் காயின் நடுப்பகுதி சிவந்திருக்கிறது. சாயத்தை யாரும் காய்க்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த நூலின் கடைசி அத்தியாயம் முழுவதும் யாரை மறுக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதே புத்கலவாதியைத்தான்.

சம்மிதீயரிடமும் இதற்கு ஓர் உதாரணம் இருந்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான். கடன் எழுதிய பத்திரம். காசு வாங்கிச் செலவழித்தாகிவிட்டது, காசு இல்லை. பத்திரம் இருக்கிறது. கட்டி முடிக்கும்வரை அது அழியாது. வினையும் அழிகிறது, ஆனால் அழியாத ஒன்றைப் பத்திரம் மாதிரி விட்டுச் செல்கிறது. இதை நாங்கள் அறிவது நாகார்ச்சுனர் தன் நூலின் 17ஆம் அத்தியாயத்தில், தான் ஏற்காத ஒரு கருத்தாக எடுத்துக் காட்டுவதால். பத்திரத்தில் பெயர் எழுதப்பட்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள். விதையில் பெயர் இல்லை, சாயத்தில் பெயர் இல்லை. இவர்கள் மட்டும்தான் கடன்பட்டவன் ஒருவனைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

இவ்வளவு பேர் சேர்ந்து அடித்தால் ஏதோ நாலு பேர் இருந்த சின்னக் கூட்டம் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். 629 முதல் 645 வரை பயணம் செய்த யுவான் சுவாங் போன இடமெல்லாம் விகாரையையும் பிக்குகளையும் எண்ணி எழுதினார். அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது, சம்மிதீயர் 60,000க்கும் மேல். அவர் எண்ணிய பிக்குகளில் ஏறத்தாழக் கால்வாசி. புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்தில் அவர் கண்ட 1,500 பிக்குகளும் சம்மிதீயர்கள். அங்கே அசோகன் தூணிலேயே, பிற்காலத்தில் யாரோ சம்மிதீய ஆசிரியர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஹர்ஷனின் தங்கைக்குக் கூடச் சம்மிதீயக் கொள்கை நன்றாகத் தெரியும் என்று யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மற்றப் பிக்குகளில் பலர் 'இவர்கள் பௌத்தரே இல்லை' என்று பொருமியிருக்கலாம். ஆனால் நாலு பிக்குகளில் ஒருவர் ஆள் உண்டு என்று சொன்ன மரபில் துறவு பூண்டவர்.

யுவான் சுவாங் சீனாவுக்குக் கொண்டுபோன புத்தகச் சுமையில் சம்மிதீயர் நூல்கள் 15 இருந்தன. அவர் ஒன்றையும் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அந்தக் கருத்துப் பிடிக்காது, அவர் யோகாசாரர். இன்றைக்கு இந்த மரபின் கையிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது, வேறு சிலர் சீனத்தில் பெயர்த்த ஒருசில நூல்களும் சொற்ப மிச்சங்களும்தான். மிகுதி எல்லாம் எதிராளியின் வாயால். கதாவத்து, விஞ்ஞானகாயம், வசுபந்து, நாகார்ச்சுனர். ஒருவனைத் தோற்கடிக்க எழுதிய நூலை வைத்து அவன் என்ன சொன்னான் என்று கண்டுபிடிப்பது எப்படியிருக்கும் என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குண்டலகேசி என்ற பௌத்த காவியம் போய்விட்டது, அதை மறுக்க வந்த சமணர்களின் நீலகேசி முழுசாக இருக்கிறது. சௌத்திராந்திகன், வைபாடிகன், மாத்தியமிகன், யோகாசாரன் என்ற பெயர்கள் தமிழில் பலருக்கு அறிமுகமாவது எங்கே? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அடி வாங்குகிறவர்களாக. அந்த வரிசையிலும் சம்மிதீயன் இல்லை. அடிக்கக்கூட ஆள் மிச்சமில்லாத காலம் போல.

தமிழ் நிலத்துக்கும் இந்தச் சண்டைக்கும் ஒரு நேர்த் தொடர்பு இருக்கிறது, அது காஞ்சியில். இந்திய அளவையியலையே புரட்டிப்போட்ட திக்நாகர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்றும், முதலில் வாத்சீபுத்திரீயரிடம்தான் துறவு பூண்டார் என்றும் திபெத்திய வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய குரு, வரையறுக்க முடியாத அந்த ஆளைத் தேடித் தியானம் செய் என்றாராம். திக்நாகர் பகலில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார், இரவில் நாலு பக்கமும் விளக்கேற்றினார், உடுப்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தன் உடம்பை மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்ன ஆளைத் தேடுகிறேன், காணவில்லை என்றார். குருவுக்குக் கோபம் வந்து வெளியே அனுப்பிவிட்டார். திக்நாகர் வடக்கே போனார். வசுபந்துவிடம் படித்தார் என்பது மரபு. அவருடைய அளவை மரபின் சாயலை மணிமேகலையின் 29ஆம் காதையில் காணலாம். அறவண அடிகள் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதும் காஞ்சியில்தான்.

சிரிக்க வைக்கிற கதை, ஆனால் இதுவும் வென்ற பக்கத்தின் கதை. அந்தக் குரு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தது யார், விளக்கேற்றியது யார், காணவில்லை என்று இப்போது என்னிடம் சொல்வது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்டாரோ என்னவோ, கதை எழுதினவர்கள் அவருக்கு வசனம் கொடுக்கவில்லை.

இலங்கைக்கு வந்தால், இங்கே ஆரம்பத்திலிருந்து ஒரே பௌத்தம்தான் இருந்தது என்று அதைத் தங்கள் சொத்தாக நினைக்கிறவர்களும் நம்புகிறார்கள், அதற்குப் பயப்படுகிற எங்கள் ஆட்களும் நம்புகிறார்கள். நூல்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன. அநுராதபுரத்தில் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் அபயகிரியைக் கட்டிக் கொடுத்த பிறகு, மகாவிகாரையும் அபயகிரியும் இரண்டு கட்சிகள். 14ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூலான நிகாய சங்கிரகய ஒரு தகவல் தருகிறது. இந்தியாவிலிருந்து தர்மருசி என்ற ஆசிரியரின் சீடர்கள் வந்தார்கள், அபயகிரி அவர்களை ஏற்றுக்கொண்டது, அவர்கள் வஜ்ஜிபுத்தகர்கள். பாளி மரபு வாத்சீபுத்திரீயரை அழைக்கும் பெயர் அதுதான்! இதை வைத்து அபயகிரியில் ஆள் உண்டு என்று போதித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காத கட்சிக்குக் கெட்ட பெயர் ஒட்டுவதும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் இந்தத் தீவில் அறியாத பெயர் இல்லை.

மகாவிகாரையின் மகாவம்சம் மகாசேனன் காலத்துக் கதையை ஆத்திரத்தோடு சொல்கிறது. சோழ நாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் என்ற பிக்கு அரசனின் குருவாகி, மகாவிகாரையினருக்குத் தானம் கொடுக்கக் கூடாது என்று ஆணை போட வைத்தார். 9 வருஷம் மகாவிகாரை வெறுமையாகக் கிடந்தது. லோகபாசாதத்தைக் கழற்றி அந்தச் சாமான்களைக் கொண்டு அபயகிரியை அழகுபடுத்தினார்கள். கடைசியில் அரசியின் ஏவலில் சங்கமித்திரர் கொல்லப்பட்டார். சோழ நாட்டுக்காரர் என்றவுடன் இதைத் தமிழர்-சிங்களவர் கதையாக வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே சோழ நாட்டிலிருந்துதான் புத்ததத்தர் வந்தார்; மகாவிகாரையில் படித்து, மகாவிகாரைக் கொள்கையைப் பாளியில் சுருக்கி எழுதினார். சண்டை பிக்குகளுக்கும் பிக்குகளுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் இங்கே இருந்த பாஹியான், அபயகிரியில் 5,000 பிக்குகள், மகாவிகாரையில் 3,000 பிக்குகள் என்று எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை ஒன்றாக்கினபோது மகாவிகாரை மரபுதான் நின்றது. அபயகிரியின் நூல்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. பெரிய கட்சியின் தூபி நிற்கிறது, அவர்கள் என்ன யோசித்தார்கள் என்பது சின்னக் கட்சி எழுதி வைத்த அளவுக்குத்தான் தெரியும்.

பாஹியான் இந்தத் தீவில் புத்தகம் தேடித் திரிந்தார். அவர் இங்கே பிரதி பெற்று எடுத்துக்கொண்டு போனது தேரவாத நூல் அல்ல, மகீசாசகர் என்ற இன்னொரு பிரிவின் விநய நூல். அந்தப் பிரிவும் இப்போது இல்லை. இலங்கையில் அந்த நூலும் இல்லை. கப்பலில் போன அந்தப் பிரதியை 5ஆம் நூற்றாண்டிலேயே புத்தஜீவர் என்பவர் மொழிபெயர்த்தார். இன்றைக்கு அதை முழுதாக வாசிக்க வேண்டுமென்றால் சீனம் படிக்க வேண்டும்.